ரோட்ஸ் நகரம்: மலிவான மாதமும் மதிலுக்குள் நாட்களும்

கிரேக்க நாட்டின் தென்கிழக்கு ஓரத்தில், துருக்கியின் மலைகளை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய தொலைவில் அமைந்துள்ள ரோட்ஸ், டோடெக்கனீஸ் தீவுகளில் மிகப் பெரியது. 'டோடெக்கா' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பன்னிரண்டு என்று பொருள். முக்கியத் தீவுகள் பன்னிரண்டை வைத்து இத்தொகுதிக்கு இப்பெயர் நிலைத்தபோதிலும், சிறிய தீவுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்காகும். தீவின் வடமுனையிலுள்ள தலைநகருக்கும் ரோட்ஸ் என்றே பெயர். உள்ளூர் மக்கள் அதை 'ரோதோஸ்' என்று ஒலிப்பர்; ஏதென்ஸ் விமான நிலையப் பலகையிலும் கப்பல் நேர அட்டவணையிலும் இந்தக் கிரேக்க வடிவமும் இடம்பெறும் என்பதால் இரண்டையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

கிரேக்கத் தீவு என்றவுடன் நினைவுக்கு வரும் சான்டோரினியையும் மைக்கோனோஸையும் ஒதுக்கிவிட்டு இவ்வத்தியாயம் ரோட்ஸை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் சிக்கனமே. அவ்விரு தீவுகளும் பெரும்பாலும் கோடைக்கால வருமானத்தை நம்பி விலை வைப்பவை. ரோட்ஸோ மருத்துவமனை, பள்ளிகள், அரசு அலுவலகங்கள், ஏஜியன் பல்கலைக்கழகத்தின் துறைகள் ஆகியவற்றுடன் ஆண்டு முழுவதும் இயங்கும் நகரம். ஆதலால், உள்ளூர்க்காரர் வாங்கும் விலைக்கு ரொட்டியும் பழமும் காப்பியும் விற்கும் கடைகள் இங்கு எப்போதும் திறந்திருக்கின்றன. பயணி செய்ய வேண்டியதெல்லாம் அந்த நகரத்தின் நாட்காட்டிக்குத் தன் விடுமுறையைப் பொருத்திக்கொள்வதுதான். செலவில் பெரும்பகுதியை முடிவு செய்வது மாதம் என்பதால், விமானச் சீட்டைத் தேடுவதற்கு முன் மாதத்தைத் தேட வேண்டும்.

மாதத்தைத் தேர்தல்

ரோட்ஸுக்கு வரும் வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலானவை ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் இறுதியில் நின்றுவிடுகின்றன. அவற்றுள் பல 'சார்ட்டர்' எனப்படும் வகையைச் சேர்ந்தவை: சுற்றுலா நிறுவனம் ஒன்று விமானத்தின் இருக்கைகளைப் பருவம் முழுமைக்கும் மொத்தமாகப் பேசி எடுத்து, தங்குமிடத்தோடு சேர்த்து விற்கும் ஏற்பாடு இது. விற்காமல் எஞ்சும் இருக்கைகளை அந்நிறுவனமே தனிச் சீட்டாகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதுண்டு. பருவத்தின் கடைசி இரு வாரங்களில் இதன் பலன் நன்கு தெரியும்; தீவிலிருந்து விருந்தினர்களை ஏற்றிச் செல்ல வரும் விமானம், தீவை நோக்கி வரும்போது பாதி காலியாக வருவது இயல்பாகையால், லண்டனிலிருந்தோ ஜெர்மன் நகரங்களிலிருந்தோ ஒருவழிச் சீட்டு எடுப்பவருக்கு அது வாய்ப்பான நேரம். திரும்பும் வழியை மட்டும் ஏதென்ஸ் வழியாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த உள்நாட்டு வழித்தடத்தில் குளிர்காலத்திலும் விமானங்கள் ஓடுகின்றன.

பருவத்தின் இரு விளிம்புகளான ஏப்ரலும் அக்டோபரும் விலையில் ஒத்தவைபோலத் தோன்றினாலும், அனுபவத்தில் ஒத்தவை அல்ல. கடல்நீர் காற்றைவிட மெதுவாகச் சூடேறி மெதுவாகவே குளிரும் தன்மையுடையது. எனவே ஏப்ரலில் வெயில் இதமாக இருந்தாலும் கடலில் இறங்கினால் உடல் நடுங்கும், அக்டோபரிலோ கோடையின் வெப்பத்தைத் தேக்கிவைத்த நீரில் நெடுநேரம் நீந்தலாம். ஏப்ரலின் கையில் இருப்பது மலைச்சரிவுகளின் காட்டுப்பூக்களும் ஈஸ்டர் திருவிழாவும். கிரேக்கத் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கொண்டு ஈஸ்டரைக் கணிப்பதால் அந்நாள் மேற்கத்திய ஈஸ்டரோடு பெரும்பாலும் பொருந்துவதில்லை. 2026இல் அது ஏப்ரல் 12, 2027இல் மே 2. அவ்வாரத்திலும், மரியன்னை விண்ணேற்பு நாளான ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்திலும் நாட்டு மக்களே ஊர்விட்டு ஊர் செல்வர். நம் ஊரில் பொங்கலுக்கு முந்தைய இரவில் பேருந்து நிலையம் எப்படியோ அப்படித்தான் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம் இருக்கும். சிக்கனம் நாடுவோர் இவ்விரு வாரங்களையும் தவிர்த்தே ஆக வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை அறை வாடகை இன்னும் இறங்கும் என்றாலும், அப்போது மழை உண்டு, கடற்கரை விடுதிகளுக்குப் பூட்டு உண்டு. கல்சுவர் அறைகளில் ஈரமும் குளிரும் தங்கும் என்பதால் வெப்பமூட்டி உண்டா என்று எழுத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே முன்பதிவு செய்ய வேண்டும்.

சீட்டும் அதன் உண்மையான விலையும்

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ புறப்படுவோர் பெரும்பாலும் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி ஏதென்ஸ் சேர்ந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்பில் ரோட்ஸை அடைவர். சிங்கப்பூரிலிருந்து ஸ்கூட் நிறுவனம் 2017இல் ஏதென்ஸ் சேவையைத் தொடங்கியதால், அங்குள்ள தமிழர்களுக்கு மலிவுவிலைப் பாதை ஒன்று கிடைத்தது. ஏதென்ஸ்–ரோட்ஸ் தடத்தில் ஏஜியன், ஸ்கை எக்ஸ்பிரஸ் ஆகிய நிறுவனங்கள் பறக்கின்றன. ஏஜியன் 'ஸ்டார் அலையன்ஸ்' கூட்டமைப்பைச் சேர்ந்தது. அதே கூட்டமைப்பில் ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், துருக்கிய ஏர்லைன்ஸ் ஆகியவையும் இருப்பதால், புறப்படும் ஊரிலிருந்து ரோட்ஸ் வரை ஒரே சீட்டாக எடுக்க வழி உண்டு.

ஒரே சீட்டா, தனித்தனிச் சீட்டுகளா என்பதே இங்கு முதன்மையான முடிவு. ஒரே சீட்டில் முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்தைச் சாரும். பெட்டியும் பொதுவாக ரோட்ஸ் வரை தானே வந்து சேரும். தனித்தனியாக எடுத்தவர் ஏதென்ஸில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது சீட்டு வெறும் தாளாகிவிடும். தனிச் சீட்டுகள் 60 யூரோ மலிவு என்றும், உள்நாட்டு மலிவு விமானத்தில் பெரிய பெட்டிக்கு ஒரு வழிக்கு 35 யூரோ என்றும் வைத்துக்கொண்டால், போகவர 70 யூரோ போய்விடுகிறது. மிச்சம் பிடித்ததாக நினைத்தவர் உண்மையில் 10 யூரோ இழந்திருப்பார். கைப்பை ஒன்றுடன் பயணம் செய்வோருக்கு மட்டுமே தனிச் சீட்டு ஆதாயம் தரும். அவர்களும் ஏதென்ஸில் ஓர் இரவு தங்குவதாகத் திட்டமிட்டால் தாமதத்தின் அச்சமின்றி நகரத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண்ணுள்ள விதியையும் பயணி அறிந்திருத்தல் நலம். ஒன்றிய நாட்டிலிருந்து புறப்படும் எந்த விமானத்திற்கும், வெளியிலிருந்து ஒன்றியத்திற்குள் வரும் ஒன்றிய நிறுவனத்தின் விமானத்திற்கும் இவ்விதி பொருந்தும்; 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்தில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் 250 யூரோ இழப்பீடு கேட்கலாம். வானிலையும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தமும் இதற்கு விலக்கு. கிரேக்கத்தில் வேலைநிறுத்தம் அரிதன்று. அதைக் குறிக்கும் 'அபெர்யீயா' என்ற சொல் செய்தியில் அடிபட்டால், அந்நாளில் விமானமும் கப்பலும் ஓடுமா என்று உடனே விசாரிக்க வேண்டும்.

விசாவும் மார்மாரிஸ் பொறியும்

கிரேக்கம் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தது. அதாவது, தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்டு ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் அதுவும் ஒன்று. சிங்கப்பூர், மலேசிய, பிரித்தானிய, கனடியக் கடவுச்சீட்டு உடையோர் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை விசாவின்றித் தங்கலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு விசா தேவை. பயணத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் விண்ணப்பம் சேர்ந்திருக்க வேண்டும், ஆயினும் கோடைக்கு முன் நேர்காணல் நாள் கிடைப்பதே கடினம் என்பதால் இரண்டு மூன்று மாத இடைவெளி விடுவதே அறிவுடைமை. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆறு வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். விசா கைக்கு வருமுன் திரும்பப் பெற முடியாத சீட்டைப் பணம் கட்டி வாங்கிவிடுவது, சிக்கனம் என்ற பெயரில் செய்யப்படும் பெரும் பிழை. முன்பதிவு மட்டும் செய்து வைத்து, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையைக் குறிப்பிடுவதே முறை.

ரோட்ஸ் துறைமுகத்தில் நிற்போரைக் கவரும் மலிவான கப்பல் ஒன்று உண்டு. எதிர்க்கரையில் துருக்கியின் மார்மாரிஸ் நகருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்று மாலையில் திரும்பலாம் என்று அறிவிப்புப் பலகை அழைக்கும். துருக்கி ஷெங்கன் நாடன்று. ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர் அக்கப்பலில் ஏறினால் விசா அத்துடன் முடிந்துபோகும். பெட்டியும் திரும்பும் சீட்டும் ரோட்ஸில் கிடக்க, அவர் மட்டும் எதிர்க்கரையில் நிற்க நேரும். பலமுறை நுழைவு விசா உடையோரே இதைக் கருதலாம். 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லைகளில் படிப்படியாக அமலுக்கு வந்த மின்னணு நுழைவுப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கப்படுகின்றன. முதல்முறை நுழைவோருக்கு வரிசை நீளக்கூடும் என்பதால், ஏதென்ஸில் விமானம் மாற இரண்டு மணி நேரத்தை நம்பி இருக்கக் கூடாது.

கப்பல் என்ற மாற்று

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து ரோட்ஸுக்குச் செல்லும் பெரிய கப்பல், வழியில் நிற்கும் தீவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 12 முதல் 18 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். முன்கூட்டியே வாங்கிய விமானச் சீட்டைவிட இது எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது. ஆனால் இரவில் கிளம்பும் கப்பல் ஒரு நாள் அறை வாடகையை மிச்சமாக்குகிறது, பெட்டியின் எடையைப் பற்றிக் கேட்பாரும் இல்லை. மிகக் குறைந்த விலைச் சீட்டுக்குத் தனி இருக்கை கிடையாது. அனுபவமுள்ள உள்ளூர்ப் பயணிகள் போர்வையுடன் முன்கூட்டியே வந்து, மின்செருகுவாய் அருகிலுள்ள மூலையைப் பிடித்துப் படுத்துவிடுவர். டோடெக்கனீஸ் கப்பல்கள் பிரேயஸில் 'இ1' என்ற வாயிலில் நிற்கும். மெட்ரோ நிலையம் துறைமுகத்தின் இன்னொரு பகுதியில் இருப்பதால், கப்பல் புறப்படும் நேரத்திற்கு ஒரு மணி நேரம் முன்பாவது துறைமுக எல்லைக்குள் இருப்பது அவசியம். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு எக்ஸ்96 பேருந்து இரவு பகலாக ஓடுகிறது. மெட்ரோவைவிடக் கட்டணமும் குறைவு.

தங்குமிடமும் யாரும் முன்பே சொல்லாத கட்டணமும்

ரோட்ஸ் விமான நிலையம், பண்டைய ஒலிம்பிக் குத்துச்சண்டை வீரரான டியாகோரஸின் பெயரைத் தாங்கி, நகரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தென்மேற்கில் உள்ளது. வாசலில் நிற்கும் டாக்சிகளைக் கடந்து சற்று நடந்தால் நகரப் பேருந்து கிடைக்கும். சில யூரோவில் அது மந்த்ராக்கி துறைமுகத்தை அடுத்த புதிய சந்தைப் பகுதியில் இறக்கிவிடும். அங்கிருந்து பழைய நகரத்தின் மதில் நடைதூரமே.

மதிலுக்குள் தங்குவதா, வெளியே புதிய நகரத்தில் தங்குவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மதிலுக்குள், சோக்ரடூஸ் கடைத்தெருவுக்குத் தெற்கேயுள்ள சந்துகளில், குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் உண்டு. காலையில் கப்பல்களில் வந்திறங்கும் கூட்டம் மாலையில் மறைந்தபின் அச்சந்துகளில் தன் காலடி ஓசையைத் தானே கேட்கலாம் என்பதற்காகவே அவற்றைப் பரிந்துரைக்கலாம். ஆனால் தெருக்கள் பலவற்றின் தளம், 'ஹொஹ்லாக்கி' எனப்படும் முறையில் கடற்கரைக் கூழாங்கற்களைச் செங்குத்தாக நட்டுப் பதித்தது. முட்டை அளவுள்ள கற்களின் வழுவழுப்பான முனைகள் மேல்நோக்கி நிற்க, அவற்றின்மீது சக்கரப் பெட்டியை இழுத்தால் சக்கரம் கழன்றுவிடும், மெல்லிய செருப்பின் வழியே ஒவ்வொரு கல்லும் பாதத்தில் உறைக்கும். பெரும்பாலான சந்துகளுக்குள் வண்டி வராது. ஆதலால் முன்பதிவின்போதே விடுதிக்கு மிக அருகிலுள்ள மதில்வாசல் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும், தோளில் மாட்டும் பையுடன் வருவதும் நலம்.

அறை வாடகைக்கு மேல், 'காலநிலை நெருக்கடித் தாங்குதிறன் கட்டணம்' என்ற பெயரில் அரசு ஒரு தொகை வசூலிக்கிறது. முன்பதிவுத் தளங்கள் காட்டும் விலையில் இது பெரும்பாலும் சேர்வதில்லை. விடுதியிலேயே செலுத்த வேண்டும். இது தலைக்கு இவ்வளவு என்றல்லாமல் அறைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவது. 2025இல் வகுத்த விகிதப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதிகளில் 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5, நான்கில் 10, ஐந்தில் 15. இணையம் வழி வாடகைக்கு விடப்படும் அடுக்ககங்களில் 8. ஏழு இரவுகளுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் இரண்டு நட்சத்திர விடுதியில் 14 யூரோ, வாடகை அடுக்ககத்தில் 56, நான்கு நட்சத்திரத்தில் 70. சமைத்துச் சாப்பிட்டுக் காசை மிச்சப்படுத்தலாம் என்று அடுக்ககம் எடுப்பவர் இந்த 42 யூரோ வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். நவம்பர் முதல் இவ்விகிதங்கள் குறைகின்றன.

சீட்டு வாங்காமல் பார்ப்பன, வாங்கிப் பார்ப்பன

இன்று காணப்படும் மதில்நகரம், 1309 முதல் 1522 வரை தீவை ஆண்ட புனித யோவான் வீரத்துறவிகளின் கைவண்ணம். 1522இல் சுல்தான் சுலைமான் நகரை முற்றுகையிட்டுக் கைப்பற்றிய பின் அது உஸ்மானியர் வசமும், 1912 முதல் இத்தாலியர் வசமும் இருந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே கிரேக்கத்துடன் இணைந்தது. யுனெஸ்கோ 1988இல் இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இந்த வரலாற்றைப் பார்க்க மிகச் சிறந்த இடம் எதுவோ அதற்கு நுழைவுக் கட்டணமே இல்லை: மதிலைச் சுற்றியுள்ள அகழி. நீர் நிரப்பப்படாத இந்த அகழி இன்று புல்தரையும் மரங்களுமாக நீண்டு கிடக்கிறது. 1512இல் கட்டி முடித்த தாம்புவாஸ் வாசலை ஒட்டி இறங்கி நடந்தால், முற்றுகைகளில் எறியப்பட்ட கல்குண்டுகள் பூசணிக்காய்களைக் குவித்தாற்போல் ஆங்காங்கே கிடப்பதையும், மதிலில் வெட்டுக்கல்லின் நிறம் மாறும் இடங்களில் பிற்காலத்து ஒட்டுவேலையையும் காணலாம். மேற்கேயுள்ள மொன்டே ஸ்மித் குன்றில் பண்டைய விளையாட்டரங்கமும் அப்பல்லோ கோயிலின் சில தூண்களும் திறந்த வெளியில் நிற்கின்றன. சூரியன் மறையும் வேளையில் உள்ளூர்க் குடும்பங்கள் அங்குதான் உலாவ வருகின்றன.

மதிலுக்குள் அமைந்த வீரர் தெருவைப் பார்ப்பதும் இலவசமே. துறவிகள் தாய்மொழி அடிப்படையில் 'நாக்கு' என்ற பெயருள்ள பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தனர். பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் முதலிய ஒவ்வொரு நாக்குக்கும் இத்தெருவிலோ இதை அடுத்தோ ஒரு விடுதி இருந்தது. தெருவின் மேல்முனையிலுள்ள தலைவர் மாளிகைக்குக் கட்டணம் உண்டு, கூட்டமும் மிகுதி. 1856இல் அருகிலிருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் சிதைந்த அம்மாளிகையை, 1937 முதல் 1940 வரை இத்தாலியர் தம் விருப்பப்படி எழுப்பினர். தரையில் பதித்திருக்கும் பழைய மொசைக்குகள் கோஸ் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஒரே ஒரு சீட்டுக்குத்தான் பணம் ஒதுக்க முடியுமென்றால், 15ஆம் நூற்றாண்டில் கட்டிய வீரர் மருத்துவமனையில் இயங்கும் தொல்லியல் அருங்காட்சியகத்திற்கே அதைச் செலவிடுவது தகும். கட்டடமும் உண்மையான பழமை உடையது, குனிந்தமர்ந்து கூந்தலை விரிக்கும் அஃப்ரோடைட்டியின் சிறு பளிங்குச் சிலையும் அங்கேதான் உள்ளது. செப்டம்பர் கடைசி வார இறுதியிலும் அக்டோபர் 28ஆம் நாளிலும் அரசு அருங்காட்சியகங்களுக்கு நுழைவு இலவசம் என்பது, பருவ விளிம்பில் வருவோருக்குக் கிடைக்கும் கூடுதல் ஆதாயம்.

உலக அதிசயங்களுள் ஒன்றான கொலாசஸ் சிலையைத் தேடி வருவோர் ஏமாறாதிருக்க ஒரு சொல்: கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய அந்த வெண்கலச் சூரியதேவன், கி.மு. 226ஐ ஒட்டிய நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தான். துறைமுக வாயிலில் கால்களை அகட்டி நின்றதாக நினைவுப் பொருள்களில் காணப்படும் காட்சி பிற்காலக் கற்பனை. மந்த்ராக்கியில் இன்று நிற்பவை இரண்டு மான் சிலைகளே.

தீவின் இன்னொரு காட்சியிடமான லிண்டோஸ் கோட்டைக்கு, நகரிலிருந்து தெற்கே 50 கிலோமீட்டர் செல்ல வேண்டும். புதிய சந்தையருகே கிழக்குக் கரைப் பேருந்துகளும் மேற்குக் கரைப் பேருந்துகளும் வெவ்வேறு நிறுத்தங்களிலிருந்து புறப்படுவதால், சரியான வரிசையில் நிற்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் பேருந்தில் செல்வோர் வெயிலுக்கும் கூட்டத்திற்கும் முந்திவிடலாம்.

உணவும் ரசீதும்

சைவ உணவினர் கிரேக்கத்தில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 'லதேரா' என்ற ஒரே சொல்லை அறிந்திருந்தால் போதும். எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகைகள் அனைத்துக்கும் அது பொதுப்பெயர். கத்தரிக்காய், வெண்டைக்காய், பெரிய வெள்ளை மொச்சை எல்லாம் அதில் அடங்கும், இறைச்சி உணவைவிட விலையும் குறைவு. ரோட்ஸுக்கே உரிய 'பித்தாருதியா', கொண்டைக்கடலையை அரைத்து வெங்காயமும் தக்காளியும் புதினாவும் சேர்த்துப் பொரித்தது. மசால்வடையின் ஒன்றுவிட்ட உறவு என்று தமிழர் எவரும் முதல் கடியிலேயே கண்டுகொள்வர். உட்கார்ந்ததும் மேசைக்கு வரும் ரொட்டி இலவசமன்று, பட்டியலின் அடியில் அதற்கென ஒரு சிறு தொகை அச்சிடப்பட்டிருக்கும். வீட்டு ஒயினைக் கிலோ கணக்கில் விற்பது இங்குள்ள பழைய வழக்கமாகையால், அரைக் கிலோ என்று பட்டியலில் கண்டு திகைக்க வேண்டாம். குடிநீருக்குக் கப்பல், விமான நிலையம் போன்ற இடங்களில் அரசு உச்சவிலை விதித்துள்ளது. அரை லிட்டர் குப்பி 50 சென்ட். உணவகச் சுவரிலோ விலைப்பட்டியலிலோ கண்ணில் படும் ஓர் அறிவிப்பு, ரசீது தரப்படாவிட்டால் வாடிக்கையாளர் பணம் செலுத்த வேண்டியதில்லை என்று கூறும்; அது அலங்காரத்திற்கு எழுதிய வாசகமன்று, சட்டம். வாய்க்கணக்காகத் தொகை சொல்லும் இடத்தில் ரசீது கேட்டாலே கூட்டல் சரியாகிவிடும்.

ஊருக்கு எடுத்துச் செல்லத் தேன் வாங்கும் எண்ணமுள்ளோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைப்பையோடு மட்டும் பறப்பவரின் தேன் குப்பி, திரவம் என்ற கணக்கில் 100 மில்லிலிட்டர் வரம்பைக் கடந்ததாகப் பாதுகாப்புச் சோதனையில் பறிபோக நேரிடும். எள்ளையும் அதே தேனையும் பாதாமோடு காய்ச்சி, ஆரஞ்சுத் தோல் மணக்கத் துண்டுகளாக வெட்டிய 'மெலெக்கூனி', இத்தீவில் திருமணத்திலும் ஞானஸ்நானத்திலும் வழங்கும் இனிப்பு. எள்ளு மிட்டாயைப் போலக் காகிதத்தில் பொதிந்து பையின் எந்த மூலையிலும் செருகலாம், சோதனையில் எவரும் தடுப்பதில்லை.